கையோடு போகும் எஸ்எஸ்டிக்கு எந்த பூட்லோடர்?

கணினி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றி ஓடவைக்கும் சின்ன நிரல்தான் பூட்லோடர். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிரப். என் எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியில் டெபியன் என்ற லினக்ஸ் இருக்கிறது. வீட்டு டெஸ்க்டாப், அலுவலக லேப்டாப், போகிற இடத்தில் யாராவது தருகிற கணினி என்று எதில் செருகினாலும் அது ஓட வேண்டும். சிஸ்டம்டி-பூட், ரீஃபைண்ட் என்ற வேறு இரண்டு பூட்லோடர்களையும் இதே வட்டில் வைத்துப் புழங்கிவிட்டுத்தான் கிரப்பில் வந்து நின்றிருக்கிறேன். அழகு, எளிமை என்று பார்த்தால் மூன்றில் கிரப்புக்குக் கடைசி இடம்தான். மெனு எப்படித் தெரிகிறது, எத்தனை நொடி மிச்சமாகிறது என்பதையெல்லாம் இங்கே அளக்கப் போவதில்லை. யூஎஸ்பி வழியாகத் தொடங்கும்போது அதில் பெரிய வித்தியாசம் தெரிவதும் இல்லை.

கணினிக்குள்ளேயே இருக்கும் வட்டுக்கு பூட்லோடர் போடுவதும், தூக்கிக்கொண்டு போகிற வட்டுக்குப் போடுவதும் ஒன்றல்ல. உள்வட்டு என்றால் நிறுவி இரண்டு வேலை செய்கிறது. ஈஎஸ்பி என்கிற சின்ன ஃபேட்32 பார்ட்டிஷனில் பூட்லோடர் கோப்பை வைக்கிறது. அப்புறம், ‘இந்தக் கோப்பிலிருந்து தொடங்கு’ என்று மதர்போர்டின் என்விராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்) ஒரு பதிவு எழுதுகிறது. வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் கோப்பு கூடவே வரும், பதிவு வராது. அந்தப் புதுக் கணினியின் ஃபர்ம்வேர் (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல்) தேடிப் பார்ப்பது ஒரே இடத்தில்: ஈஎஸ்பியில் ‘ஈஎஃப்ஐ’ என்ற ஃபோல்டர், அதற்குள் ‘பூட்’, அதற்குள் ‘பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ’ என்ற கோப்பு. கழற்றி மாட்டும் சாதனங்களுக்கு யூஈஎஃப்ஐ என்ற இன்றைய ஃபர்ம்வேர் விதிமுறை ஒதுக்கியிருக்கும் முகவரி அது. வட்டு ஊர் சுற்ற வேண்டுமானால் பூட்லோடர் அங்கே இருந்தாக வேண்டும். அதோடு, போன இடத்து என்விராமில் எதையும் எழுதாமலும் இருக்க வேண்டும்.

எல்லா பூட்லோடரையும் அந்த முகவரியில் வைக்க முடியும். கிரப்-இன்ஸ்டால் கட்டளைக்கு ‘ரிமூவபிள்’ என்ற தேர்வு இருக்கிறது. ரீஃபைண்ட் நிறுவிக்கு ‘யூஸ்டிஃபால்ட்’. சிஸ்டம்டி-பூட் கேட்காமலேயே தன் பிரதி ஒன்றை அங்கே வைத்துவிடும். ஆக முதல் நாள் எல்லாமே ஓடும். வேறுபாடு தெரிவது பிறகுதான்.

வென்டாயை முதலில் ஒதுக்கிவிடுகிறேன், குறை சொல்ல அல்ல. 2020இல் வந்த இது, ஐஎஸ்ஓ என்ற நிறுவல் வட்டுப் பிரதிக் கோப்புகளை அப்படியே நகலெடுத்துப் போட்டு, எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கும் கருவி. யூஈஎஃப்ஐ, அதற்கு முந்தைய பழைய பயாஸ் இரண்டிலும் ஓடும். புது இயங்குதளம் நிறுவ, கெட்டுப்போன கணினியைப் பார்க்க இதற்கு இணை இல்லை. அதற்கென்று தனியாக ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். ஆனால் நிறுவி, புதுப்பித்து, நாள்தோறும் புழங்குகிற ஒரு லினக்ஸை வட்டில் வைத்துக்கொள்வது வேறு தேவை. இரண்டையும் ஒப்பிடுவதே சரியில்லை.

ரீஃபைண்டை ராடரிக் ஸ்மித் பழைய ரீஃபிட்டிலிருந்து பிரித்து எடுத்து வளர்த்தார். செருகிய கணினியில் தொடங்கக்கூடியது என்னவெல்லாம் இருக்கிறதோ அத்தனையையும் தானே தேடிப் படங்களாக வரிசைப்படுத்தும். தன் சொந்த டிரைவர் வழியாக எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் என்ற லினக்ஸ் ஃபைல்சிஸ்டம் உள்ள பார்ட்டிஷன்களையும் படிப்பதால், லினக்ஸின் மையமான கெர்னலை அதன் இடத்திலேயே விட்டுவைக்கலாம். சொந்தக் கணினியில் இரண்டு மூன்று இயங்குதளம் வைத்திருப்பவருக்கு இது வசதி. ஊர் சுற்றும் வட்டில் அதுவே தொல்லை. நண்பர் கணினியில் செருகினால் அவருடைய விண்டோஸ், அதன் மீட்புப் பகுதி, அவர் எப்போதோ போட்ட உபுண்டு எல்லாம் மெனுவில் வந்து நிற்கும். நம்முடையது எத்தனையாவது படம் என்று தேட வேண்டும். அமைப்புக் கோப்பில் தேடும் எல்லையைக் குறுக்கலாம்தான். அதைச் செய்த பிறகு ரீஃபைண்டை வைத்திருக்க எனக்கு ஒரு காரணமும் மிஞ்சவில்லை. பழைய இன்டெல் மேக்குகளில் நிறையப் புழங்குகிறவருக்கு என் கருத்து பொருந்தாமல் போகலாம். அந்தப் பக்கம் எனக்கு அனுபவம் குறைவு. லிமைனும் அப்படித்தான். பயாஸ், யூஈஎஃப்ஐ இரண்டுக்கும் வரும் நல்ல பூட்லோடர் என்பது தெரியும், ஆனால் நாள்பட ஓட்டிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

மிஞ்சுவது சிஸ்டம்டி-பூட். மனசுக்குப் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கம்மிபூட் என்ற பெயரில் இருந்து 2015இல் சிஸ்டம்டி என்ற லினக்ஸ் சேவை மேலாண்மைத் தொகுப்புக்குள் வந்தது. ஒவ்வொரு கெர்னலுக்கும் ஒரு சின்னக் கோப்பு. அதில் தலைப்பு, கெர்னல் எங்கே, இனிட்ஆர்டி (கெர்னல் தொடங்க உதவும் தற்காலிகக் கோப்புத் தொகுதி) எங்கே, கெர்னலுக்குத் தர வேண்டிய தேர்வுகள் என்ன என்று நாலே வரி. எந்த நோட்பேடிலும் திறந்து திருத்தலாம். கிரப்பின் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்த நாலு வரியின் அருமை புரியும். அடுத்தவர் கணினியின் விண்டோஸை மெனுவில் இழுத்துப் போடவும் செய்யாது, ஏனென்றால் தன் வட்டைத் தாண்டி அது எட்டிப் பார்ப்பதில்லை.

இருந்தும் என் வட்டிலிருந்து எடுத்துவிட்டேன். முதல் காரணம் சின்னது. கெர்னலும் இனிட்ஆர்டியும் ஃபேட் பார்ட்டிஷனில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் சிஸ்டம்டி-பூட் தானாக வேறு ஃபைல்சிஸ்டம் எதையும் படிக்காது. அதனால் கெர்னல் புதுப்பிப்பு வரும்போதெல்லாம் பல பத்து எம்பி ஃபேட்டில் எழுதப்படுகிறது. ஃபேட்டுக்கு ஜர்னல் (பாதியில் நின்ற எழுத்தைச் சரிசெய்ய உதவும் குறிப்பேடு) கிடையாது. யூஎஸ்பி கேபிள் லேசாக அசைந்தாலே துண்டிக்கிற ஒரு வட்டில், நடு எழுத்தில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கிரப் எக்ஸ்ட்4ஐப் படிக்கும், எனவே கெர்னல் ஜர்னல் உள்ள பார்ட்டிஷனிலேயே இருக்கலாம். ஃபேட்டில் எழுத வேண்டிய தேவை கிரப் பொதியே (பேக்கேஜ்) புதுப்பிக்கப்படும்போது மட்டும்தான் வரும்.

தீர்மானித்த காரணம் செக்யூர் பூட். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இன்று விற்கிற விண்டோஸ் லேப்டாப்களில் செக்யூர் பூட் இயங்கும் நிலையில்தான் வருகிறது. கையொப்பம் இல்லாத பூட்லோடரை ஃபர்ம்வேர் தொடங்க விடாது. சொந்தக் கணினி என்றால், சிஸ்டம்டி-பூட்டுக்கு நாமே சாவி உருவாக்கி, கையொப்பமிட்டு, அந்தச் சாவியை ஃபர்ம்வேரில் ஏற்றிக்கொள்ளலாம். அடுத்தவர் லேப்டாப்பில் போய் நம் சாவியை ஏற்றுவதா? ‘அணைத்துவிட்டால் போச்சு’ என்பார்கள். அந்த லேப்டாப்பில் விண்டோஸின் வட்டுக் குறியாக்கமான பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால், செக்யூர் பூட்டை அணைத்த பிறகு விண்டோஸ் தொடங்கும்போது நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி எங்கே இருக்கிறது என்று பாதிப்பேருக்குத் தெரியாது. பிட்லாக்கர் இயங்குகிறது என்பதே தெரியாதவர்களும் உண்டு. ஒரு மணி நேரம் கடன் வாங்கிய கணினியில் இதைச் செய்துவிட்டு எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது?

டெபியன், உபுண்டு, ஃபெடோரா எல்லாமே இதற்கு ஷிம் என்ற சின்ன நிரலைத் தருகின்றன. ஷிம்மில் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் இருக்கும். அது அந்தந்த விநியோகத்தின் கையொப்பம் உள்ள கிரப்பை ஏற்றும். எதையும் அணைக்க வேண்டாம், எந்தச் சாவியையும் ஏற்ற வேண்டாம். பூட் மெனுவுக்கான விசையை அழுத்தி யூஎஸ்பியைத் தேர்ந்தெடுத்தால் போதும். தயாராக, ஊரெங்கும் செல்லுபடியாகும் வடிவில் இது பரவலாகக் கிடைப்பது கிரப்போடுதான். மைக்ரோசாஃப்டின் மூன்றாம் தரப்புச் சான்றிதழையே அணைத்து வைத்து வரும் லேப்டாப்களும் சில உண்டு. அங்கே ஷிம்மும் எடுபடாது.

சரி, கிரப் என்று முடிவானபின் அதை ஊர் சுற்றும் வட்டுக்கு ஏற்றபடி பழக்க வேண்டும். இயல்பாக விட்டால் அது இருக்கிற கணினியோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். முதல் சிக்கல் நிறுவும்போதே வரும். எந்த வட்டில் டெபியனைப் போடச் சொன்னாலும், உள்வட்டில் ஏற்கெனவே ஒரு ஈஎஸ்பி இருந்தால் பூட்லோடர் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம். விளைவு இரட்டைத் தொல்லை. வட்டை வேறு கணினிக்குக் கொண்டுபோனால் தொடங்காது. வட்டு இல்லாதபோது அந்தக் கணினி, விண்டோஸுக்குப் பதில் வெறும் ‘கிரப்’ என்று கட்டளைக்குக் காத்திருக்கும் கறுப்புத் திரையைக் காட்டலாம். பார்ட்டிஷன் பிரிக்கும் கட்டத்தில் உள்வட்டின் ஈஎஸ்பியை ‘பயன்படுத்த வேண்டாம்’ என்று குறித்துவிட்டு, வெளி வட்டில் புதிதாக ஒரு ஈஎஸ்பி உருவாக்கினால் இது தீர்ந்தது. உள்வட்டையே கழற்ற முடிந்தால் இன்னும் நிம்மதி.

இரண்டாவது சிக்கல் புதுப்பிப்பின்போது. கிரப் பொதி புதுப்பிக்கப்படும்போதெல்லாம் கிரப்-இன்ஸ்டால் மறுபடி ஓடும். அது ‘ஈஎஃப்ஐ’ ஃபோல்டருக்குள் ‘டெபியன்’ என்ற ஃபோல்டரைப் புதுப்பித்துவிட்டு, என்விராமிலும் ஒரு பதிவு எழுதும். இதில் இரண்டு தவறு. அந்த நேரத்தில் வட்டு எந்தக் கணினியில் இருக்கிறதோ அந்தக் கணினியின் என்விராமில் ‘டெபியன்’ என்ற பதிவு தங்கிவிடும்; வட்டைக் கழற்றிய பிறகும் அவர்களுடைய பூட் மெனுவில் அந்தப் பெயர் நிற்கும். இன்னொரு பக்கம், நாம் நம்பியிருக்கும் ‘பூட்’ ஃபோல்டரில் பழைய கிரப்பே இருக்கும். கையொப்பமில்லாத கிரப் என்றால், கிரப்பின் பழைய கருவும் புது மாட்யூல்களும் (துணைத் துண்டுகளும்) ஒத்துப்போகாமல் ‘சிம்பல் நாட் ஃபவுண்ட்’ என்று சொல்லி மீட்புத் திரையில் நின்றுவிடவும் வாய்ப்புண்டு.

டெபியனில் இதற்கு மருந்து கூடவே இருக்கிறது. டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கட்டளையை கிரப்-ஈஎஃப்ஐ-ஏஎம்டி64 பொதிக்கு ஓட்டினால் சில கேள்விகள் கேட்கும். கழற்றி மாட்டும் சாதனத்துக்கான பாதையிலும் கூடுதலாக நிறுவவா என்ற கேள்விக்கு ‘ஆம்’, என்விராமைப் புதுப்பிக்கவா என்ற கேள்விக்கு ‘இல்லை’. இந்த இரண்டு விடைகளும் நினைவில் இருக்கும். இனி வரும் ஒவ்வொரு புதுப்பிப்பும் அப்படியே நடக்கும். இதைச் செய்த நாள் முதல் கிரப் எனக்குத் தொந்தரவு தரவில்லை.

முடித்ததும் ‘பூட்’ ஃபோல்டரை ஒருமுறை திறந்து பாருங்கள். பூட்எக்ஸ்64 என்ற பெயரில் ஷிம்மும், கிரப்எக்ஸ்64ம் இருந்தால் சரி. ‘எஃப்பிஎக்ஸ்64.ஈஎஃப்ஐ’ என்று இன்னொன்று இருந்தால் அழித்துவிடுங்கள். அது பக்கத்தில் இருந்தால் ஷிம் அதை ஓட்டும். அது போன இடத்திலெல்லாம் என்விராமில் பதிவு எழுதும். வீட்டுக் கணினிக்கு அது நல்ல காவல், ஊர் சுற்றும் வட்டில் வேண்டாத விருந்தாளி.

இதே ஷிம்முக்கு இன்னொரு பராமரிப்புக் கடனும் உண்டு. ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட பழைய ஷிம், கிரப் பதிப்புகளைத் தடுக்க எஸ்பேட் என்ற ஏற்பாடு இருக்கிறது. தடுப்பு விவரம் கணினியின் என்விராமில் இருக்கும். 2024 ஆகஸ்டில் ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு இந்தத் தடுப்பைக் கொண்டுவந்தபோது, இரட்டை பூட் வைத்திருந்த பலருக்கு லினக்ஸ் திறக்காமல் ‘செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்’ என்று வந்தது. மேசை இழுப்பறையில் மாதக்கணக்கில் தூங்கும் வட்டுக்கு இது இன்னும் பெரிய ஆபத்து, ஏனென்றால் கணினி புதுப்பிக்கப்பட்டிருக்கும், வட்டு புதுப்பிக்கப்பட்டிருக்காது. ஷிம்களில் கையொப்பமிடப் பயன்பட்டுவந்த மைக்ரோசாஃப்டின் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழுக்கும் 2026 ஜூன் வரைதான் ஆயுள்; அடுத்து வருவது 2023 சான்றிதழ். அவ்வப்போது வீட்டில் செருகி ‘ஏபிடி அப்கிரேட்’ என்ற புதுப்பிப்புக் கட்டளையை ஓட்டிவிடுவதே இதற்கு வழி. சிஸ்டம்டி-பூட்டுக்கு இந்தக் கவலை இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும், ஆனால் அது ஷிம்மோ சொந்தச் சாவியோ இல்லாமல் செக்யூர் பூட் கணினியின் வாசலையே தாண்டாததால் வரும் நிம்மதி அது.

பழைய பயாஸ் கணினிகள் இந்த மூன்றில் கிரப்புக்கு மட்டுமே கிடைக்கும் உபரி லாபம். சிஸ்டம்டி-பூட்டும் ரீஃபைண்டும் யூஈஎஃப்ஐ இல்லாமல் ஓடாது. ஜிபிடி என்ற புதிய முறையில் பார்ட்டிஷன் பிரித்த வட்டில் 1 எம்பிக்கு ‘பயாஸ் பூட்’ பார்ட்டிஷன் ஒன்றை ஒதுக்கி, கிரப்-பிசி-பின் பொதியை நிறுவி, ‘ஐ386-பிசி’ என்ற இலக்கோடு கிரப்-இன்ஸ்டாலை ஓட்டினால், ஒரே வட்டு இரண்டு வகையிலும் தொடங்கும். இரண்டின் மாட்யூல்களும் தனித்தனி ஃபோல்டரில் இருப்பதால் மோதல் இல்லை. பயாஸ் பாதி மட்டும் தானாகப் புதுப்பிக்கப்படாது; வேண்டும்போது கையால் ஓட்ட வேண்டும். ஜிபிடி வட்டைப் பார்த்தாலே முரண்டு பிடிக்கும் பழைய பயாஸ்களும் உண்டு. கோர் 2 டூவோ காலத்துக் கணினிகளையே நம்பிப் போகிறவர் ஜிபிடியை விட்டு எம்பிஆர் என்ற பழைய முறையில் வட்டைப் பிரிப்பதை யோசிக்கலாம். அப்படி ஒரு வட்டை நான் நீண்ட நாள் வைத்துப் புழங்கியதில்லை.

பூட்லோடர் மேல் போடப்படும் பழிகளில் ஒன்று உண்மையில் இனிட்ராம்எஃப்எஸ்ஸுடையது (மேலே சொன்ன இனிட்ஆர்டிதான் இது). மெனு வருகிறது, கெர்னல் ஏறுகிறது, அப்புறம் ரூட் பார்ட்டிஷனை (இயங்குதளம் இருக்கும் பகுதியை) காணோம் என்று நின்றுவிடுகிறது என்றால், எந்த பூட்லோடருக்கு மாறினாலும் அது தீராது. ஃபெடோராவும் ஆர்ச்சும் இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்கும்போது அந்த நேரத்தில் இருக்கும் கணினிக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம். ஃபெடோராவில் அதை உருவாக்கும் டிராகட் கருவியின் ‘ஹோஸ்ட்ஒன்லி’யை அணைக்க வேண்டும், ஆர்ச்சில் ‘ஆட்டோடிடெக்ட்’ஐ எடுக்க வேண்டும். டெபியனில் இயல்பாகவே ‘மோஸ்ட்’ (பெரும்பாலான டிரைவர்களும்) என்று இருப்பதால் இதைத் தொட வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒருவருக்கு சிஸ்டம்டி-பூட்டையே சிபாரிசு செய்வேன்: வட்டு எப்போதும் தன் சொந்தக் கணினிகள் இரண்டு மூன்றுக்குள்ளேயே போய்வருகிறது, எல்லாமே யூஈஎஃப்ஐ, செக்யூர் பூட்டை அணைப்பதோ சொந்தச் சாவி ஏற்றுவதோ தன் இஷ்டம் என்பவருக்கு. ஈஎஸ்பியை 1 ஜிபிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளட்டும். சிஸ்டம்டி-பூட்டை நிறுவும் பூட்கண்ட்ரோல் (bootctl) கட்டளையில் என்விராமை எழுதாதே என்ற தேர்வையும், வெளி வட்டின் ஈஎஸ்பி எது என்பதையும் சேர்த்தே கொடுக்கட்டும்.