எச்சரிக்கை: வீட்டுப் பக்கத்து ஷூட்டிங் ரேஞ்சில் 64,000 ரூபாய் போனது

நேற்று மாலை போய் நின்றபோது ஷட்டர் இறங்கிக் கிடந்தது. "புதுப்பிக்கும் பணி நடைபெறுகிறது" என்று ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கீழே மெத்தைக் கடை வைத்திருப்பவரிடம் கேட்டால், "நீங்க எத்தனையாவது ஆளு தெரியுமாம்மா? எனக்கே கரண்ட் பில் பாக்கி வெச்சிட்டுப் போயிட்டாங்க" என்கிறார். எங்கள் பணம் 64,000 ரூபாய். தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் பிள்ளைகளைத் துப்பாக்கி சுடும் பயிற்சியில் சேர்க்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். சேர்க்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதிலிருந்து என் மகளுக்கு ஏர் பிஸ்டல்தான் (காற்றழுத்தத்தால் சுடும் கைத்துப்பாக்கி) உலகம். எழும்பூரில் ரைபிள் கிளப் இருக்கிறது, தெரியும். ஆனால் பள்ளி விட்டு வந்து, ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் பிடித்து, ஒரு மணி நேரம் போய், சுட்டுவிட்டுத் திரும்பினால் இரவு ஒன்பது. எட்டாம் வகுப்புப் பிள்ளையை வாரத்தில் பாதி நாள் அப்படி அலையவிட முடியுமா? அதனால்தான் பக்கத்தில் தேடினோம். மேப்பில் போட்டதும் முதலில் வந்தது இந்த இடம். வண்டியில் பத்து நிமிடம். நட்சத்திரம் நாலரைக்கு மேல்.

அந்த முதல் நாளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. மாஸ்டர் என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த ஆள் அவ்வளவு பொறுமையாக நின்று சொல்லிக்கொடுத்தார். இடது கையைப் பாக்கெட்டில் விடச் சொன்னார், தோளைத் தளர்த்தச் சொன்னார். "மூச்சைப் பாதி விட்டு நிறுத்து பாப்பா. ட்ரிக்கரை இழுக்காதே, மெதுவா பிழி." சுட்டாள். கயிறை இழுத்து அட்டையைக் கொண்டுவந்தார். ஒன்பதாம் வளையத்தில் ஒரு ஓட்டை. அதைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, தேதி எழுதி, கையெழுத்துப் போட்டு அவள் கையில் கொடுத்தார். "பதினஞ்சு வருஷமா கோச்சிங்ல இருக்கேன் மேடம். இந்த வயசுல இப்படி ஒரு ஸ்டெடியான கையை நான் பார்த்ததில்ல. ஸ்டேட் லெவலுக்குப் போவா, எழுதி வெச்சுக்கோங்க." பிள்ளை அந்த அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எந்த அம்மாவால் அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்ல முடியும்? அங்கேயே போனில் அனுப்பினேன். ஆண்டுக் கட்டணம் 42,000. ஷூட்டர் ஐடி (போட்டிகளுக்கான அடையாள எண்), போட்டி நுழைவு, "பிஸ்டல் லைசென்ஸ்", ஷூ, கண்ணாடி எல்லாம் சேர்த்து 22,000. மொத்தம் 64,000. பில் கேட்டதற்கு, "சிஸ்டம்ல ஏத்திட்டு அனுப்பறோம்."

பிறகு பயிற்சி எப்படி நடந்தது? ஒரு டஜன் பிள்ளைகளுக்கு இரண்டே பிஸ்டல். அதில் ஒன்றின் சிலிண்டர் எப்போதும் காற்று அடைக்கப் போயிருக்கும். பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) டப்பாவுக்குத் தனியாகக் காசு. சுடாத நேரத்தில் குழலுக்குள் செருகி வைக்க வேண்டிய பாதுகாப்புக் கொடி என்று ஒன்று உண்டு என்பதே அங்கே யாருக்கும் சொல்லப்படவில்லை. பிள்ளைகள் ஈய பெல்லட்டைத் தொட்ட கையோடு பஃப்ஸ் சாப்பிட்டார்கள், கை கழுவ ஒரு குழாய்கூட அந்த மாடியில் கிடையாது. ஈயம் உடம்புக்கு எவ்வளவு கெடுதல் என்று கோச்சிங் நடத்துகிறவருக்குத் தெரியாதா?

மகளின் தோழிக்கு ஒரு அண்ணன். அவர் பயிற்சி எடுக்கும் பழைய கிளப்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் அழைத்துப் போனார்கள். இங்கே பத்து ஷாட்டில் நூற்றுக்கு 88, 90 என்று வாங்கிக்கொண்டிருந்தவள் அங்கே 70-ஐத் தாண்டவில்லை. அழுதுவிட்டாள். அங்கிருந்த பெரியவர் அவள் நின்ற விதத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நீ பழகற இடத்துல தூரம் எவ்வளவும்மா?"

மறுநாள் தையல் டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். சுடும் கோட்டிலிருந்து அட்டை வரை தரையில் வைத்து வைத்து அளந்தேன். எட்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். பத்து மீட்டர் போட்டிக்கு, பத்து மீட்டர் என்று போர்டில் எழுதி வைத்து, எட்டே கால் சொச்சம் மீட்டரில் பிள்ளைகளைச் சுட வைத்திருக்கிறார்கள்! ஏர் பிஸ்டல் அட்டையில் பத்தாம் வளையம் வெறும் 11.5 மில்லிமீட்டர் அகலம். பத்து மீட்டரைவிட ஒன்றரை மீட்டர் கிட்டே நின்று பழகிய பிள்ளையின் கண்ணும் கையும் என்ன ஆகும்? மாஸ்டரிடம் கேட்டால் கூசாமல் சொல்கிறார்: "அது பிகினர்ஸ் டிஸ்டன்ஸ் மேடம்." அப்படி ஒரு தூரம் ஒலிம்பிக் ஏர் பிஸ்டல் போட்டியில் கிடையாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அன்றிலிருந்து ஆரம்பித்தது. மாஸ்டர் டெல்லியில் இருக்கிறார். அக்கவுண்ட்ஸ் மேடத்துக்கு டெலிவரி. ஷூட்டர் ஐடி எங்கே என்றால் போர்ட்டல் வேலை செய்யவில்லை. "புதன்கிழமை கண்டிப்பா போட்டுடறோம் மேடம்" என்பார்கள், புதன்கிழமை போனை எடுக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. வரவேற்பில் இருந்த பெண் ஒருமுறை, "64,000 எல்லாம் ஒரு அமவுண்டா மேடம், ஓடியா போயிடுவோம்?" என்றாள். அந்தப் பணம் என் கணவரின் இரண்டு மாத ஓவர்டைமும் என் சீட்டுப் பணமும். கடைசியில் பெற்றோர் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். நேற்று ஷட்டரையும் இறக்கிவிட்டார்கள்.

லைசென்ஸ் விஷயம் இன்னும் மோசம். குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாத, குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் பிஸ்டலுக்கு ஆயுத விதிகள் 2016-இன்படி உரிமமே தேவையில்லை. தேவையில்லாத ஒன்றை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பிடுங்கியிருக்கிறார்கள். அந்த இடம் தமிழ்நாடு ஷூட்டிங் அசோசியேஷனோடு இணைந்த கிளப்பும் இல்லை. மாநிலப் போட்டிக்கு இணைந்த கிளப் வழியாகத்தான் பெயர் கொடுக்க முடியும் என்பதால், என் மகள் அங்கே எத்தனை வருடம் சுட்டிருந்தாலும் மாநிலப் போட்டிக்குப் போயிருக்க வழியே இல்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் ஆத்திரம்தான் வருகிறது. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இணைந்த கிளப்பா என்று அந்த இடத்தில் கேட்காதீர்கள், ஷூட்டிங் அசோசியேஷனிலேயே கேளுங்கள். டேப் கொண்டுபோய் நீங்களே தூரத்தை அளந்து பாருங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பிஸ்டல் என்று எண்ணுங்கள். ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், மாதா மாதம் கட்டுங்கள். பில் கைக்கு வராமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடப் போகிறேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. இதே இடத்தில் பணம் கட்டிய பெற்றோர் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போகலாம். பில் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட், வங்கி ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.