நிலைக்கதவுக்கு ஸ்மார்ட் பூட்டு: குடைந்து பொருத்துவதா, மேலே மாட்டுவதா?

ஸ்மார்ட் பூட்டு வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது ஆப் இருக்கிறதா, எத்தனை கைரேகை பதியலாம் என்பதைத்தான். அதற்கு முன்னால் கதவைப் பாருங்கள். என்ன மரம், எத்தனை மில்லிமீட்டர் கனம், ஒற்றைக் கதவா இரட்டைக் கதவா, பக்கத்தில் ஜன்னல் இருக்கிறதா, வெளியே கிரில் கேட் உண்டா? இவை தெரிந்துவிட்டால் கடையில் தொங்கும் பூட்டுகளில் பாதி தானாகவே கழிந்துவிடும். மீதியில் எதை எடுப்பது என்பதை வீட்டிலேயே வயது மூத்தவரின் விரலை வைத்து முடிவு செய்யலாம்.

நம் ஊர்க் கடைகளில் வாசல் கதவுக்கென்று கிடைப்பவை பெரும்பாலும் இரண்டே வகை. கதவின் விளிம்பைக் குடைந்து உள்ளே இறக்கும் மார்ட்டைஸ் பூட்டு ஒன்று. கைப்பிடியோடு சேர்ந்தே வரும், முன்னும் பின்னும் நீளமான தகடு இருக்கும். மற்றொன்று கதவைக் குடையாமல் மேலேயே மாட்டும் ரிம் பூட்டு. வெளியே சின்ன எண்பலகை, உள்பக்கம் ஒரு பெட்டி, நடுவில் வயர் போக ஒரு துளை, அவ்வளவுதான். விளம்பரப் படத்தில் மார்ட்டைஸ் அழகாக இருக்கும் என்பதால் பலரும் அதற்கே மனதைக் கொடுத்துவிடுகிறார்கள்.

புதிய அடுக்குமாடிக் குடியிருப்பில், 35 மில்லிமீட்டருக்குக் குறையாத கனத்தில் சமதளமான ஃபிளஷ் கதவு இருந்தால் மார்ட்டைஸ் எடுப்பதில் தவறே இல்லை. இழுத்துச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும், ஒன்றுக்கு மேற்பட்ட நாக்குகள் நிலைக்குள் போய் உட்காரும், கைப்பிடிக்குத் தனியாக அலைய வேண்டியதில்லை. ஏற்கெனவே சாவி போடும் மார்ட்டைஸ் பூட்டு இருந்த கதவு என்றால், பழைய குடைவின் அளவும் புதுப் பூட்டின் உடல் அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பெரும்பாலும் ஒத்துப்போகாது. பழைய துளையைப் புதுத் தகடு மூடுமா என்பதையும் வாங்குவதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

பழைய தேக்குக் கதவுக்கு வந்தால் கதையே வேறு. சட்டம் கட்டி நடுவில் பலகை கோத்த கதவில், பூட்டு வரும் பக்கச் சட்டத்தின் அகலம் பெரும்பாலும் நாலு அங்குலம்தான் இருக்கும். மார்ட்டைஸ் பூட்டின் உடல் அந்த அகலத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதிலும் பூட்டு வைக்க வசதியான உயரத்தில்தான் குறுக்குச் சட்டம் வந்து பக்கச் சட்டத்தோடு கூடும். அந்த மூட்டுக்குள் இருக்கும் நாக்கு மரம்தான் கதவைத் தொய்யவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பூட்டு நிறுவனம் அனுப்பும் பையன் டிரில்லை எடுத்து அதே இடத்தில் துளைத்தால் அந்த நாக்கு அறுந்துபோகும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நாளடைவில் கதவு தரையில் உரசும்போதுதான் தெரியும். தாத்தா காலத்துக் கதவில் மார்ட்டைஸ் வைத்தே ஆக வேண்டும் என்றால், பூட்டுக்காரரோடு ஒரு நல்ல ஆசாரியையும் வரவழையுங்கள். மூட்டுக்கு மேலேயோ கீழேயோ தள்ளிக் குடையச் சொல்லுங்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஈரத்தில் மரம் ஊதும். சாவிப் பூட்டாக இருந்தால் கதவை முழங்காலால் ஒரு தள்ளு தள்ளி, சாவியைத் திருப்பிச் சமாளித்துவிடுவோம். மோட்டாருக்கு அந்தக் கை உணர்வு கிடையாது. பூட்டின் நாக்கு நிலையில் உள்ள துளையின் விளிம்பில் இரண்டு மில்லிமீட்டர் இடித்தாலும் முக்கிப் பார்த்துவிட்டு, பீப் பீப் என்று கத்தி நின்றுவிடும். தினமும் அப்படி முக்கினால் பேட்டரியும் சீக்கிரம் காலி. நிலையில் நாக்கு போய் உட்காரும் துளையைச் சற்றுத் தாராளமாக வெட்டச் சொல்வதுதான் இதற்கு மருந்து. கோடையில் பொருத்தினால் இதை இன்னும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

ரிம் பூட்டில் இந்தத் தொல்லைகள் மிகக் குறைவு. மரத்தில் பெரிய வெட்டு இல்லை. இரட்டைக் கதவுக்கும் பெரும்பாலும் ஒத்துவரும்: ஒரு கதவை மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டு அசையாமல் நிறுத்திவிட்டு அதில் ஸ்ட்ரைக் பெட்டியையும் (பூட்டின் நாக்கு போய் உட்காரும் பெட்டி) மற்றதில் பூட்டையும் வைக்கலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம், பழைய பூட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். பகலில் வந்து போவதற்கு எண்பூட்டு, ஊருக்குப் போனால் பழைய பூட்டும் சேர்த்து. வாடகை வீட்டுக்காரர்களுக்கும் இதுதான் ஏற்றது. ஒரு துளைக்கு வீட்டுக்காரர் சம்மதிப்பார், கதவைக் குடையச் சம்மதிப்பது கஷ்டம்.

குறை இல்லாமல் இல்லை. ரிம் பூட்டின் பலமெல்லாம் ஸ்ட்ரைக் பெட்டியைப் பிடித்திருக்கும் திருகாணிகளில்தான். பெட்டியோடு வரும் குட்டைத் திருகாணிகளையே போட்டுவிட்டுப் போனால், ஓங்கி உதைத்தால் பெட்டி நிலையை விட்டுப் பெயர்ந்துவிடும். நிலையின் கட்டைக்குள் ஆழமாக இறங்கும் நீளத் திருகாணி வாங்கிக் கையில் கொடுங்கள். கதவு வெளிப்பக்கமாகத் திறப்பதாக இருந்தால் அதற்கேற்ற ஸ்ட்ரைக் அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

தனி வீடுகளில் வாசல் கதவை ஒட்டியே ஜன்னல் வைப்பது நம் வழக்கம். மார்ட்டைஸ் வகையில் உள்கைப்பிடியை அழுத்தினாலே கதவு திறக்கும். தீப்பிடித்தால் ஓடி வெளியே வருவதற்கு அது அவசியம். ஆனால் திறந்த ஜன்னல் வழியாக ஒரு கம்பியை விட்டு அதே கைப்பிடியை வெளியிலிருந்தும் இழுக்க முடியும். உள்கைப்பிடியில் கூடுதலாக ஒரு பொத்தானை அழுத்தினால்தான் திறக்கும்படி அமைத்த மாடல்கள் இருக்கின்றன. ஜன்னல் கையெட்டும் தூரத்தில் இருந்தால் அப்படிப்பட்டதையே எடுங்கள். ரிம் வகையில் உள்குமிழைத் திருக வேண்டும், கம்பிக்கு அது அவ்வளவு எளிதில் வசப்படாது.

வெளியே கிரில் கேட் இருந்து அதில் திண்டுக்கல் பூட்டு தொங்குகிறது என்றால், உள்கதவுக்கு என்ன பூட்டு போட்டாலும் சாவிக்கொத்து இடுப்பை விட்டுப் போகாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தப் பெருமைக்கு அது தகுதியானதே. ஆனால் சாவி இல்லாமல் வந்து போவதுதான் உங்கள் நோக்கம் என்றால், பகலில் கிரில்லுக்கு வெறும் கொண்டி போதுமா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுப் பிறகு பணம் செலவழியுங்கள்.

இனி திறக்கும் முறை. கைரேகையா, எண்ணா? ரேஷன் கடையில் விரல் வைத்து, துடைத்து, மறுபடி வைத்து, இயந்திரம் ஏற்காமல் நிற்கும் பெரியவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வயதாக ஆக ரேகை மேடுகள் தேயும், தோல் வறளும். பாத்திரம் தேய்க்கிற கைக்கும் சிமெண்டு குழைக்கிற கைக்கும் இளமையிலேயே அந்த நிலை. காலையில் கோலம் போட வெளியே வந்து, கதவு காற்றில் சாத்திக்கொண்டால், மாவு ஒட்டிய ஈர விரலைப் பூட்டு எளிதில் ஏற்காது. இளைஞர்களுக்குக் கைரேகை வேகமானது, வசதியானது. ஆனால் பெரியவர் இருக்கும் வீட்டில் பெரிய எழுத்தில் ஒளிரும் எண்பலகை இல்லாத பூட்டை வாங்கவே கூடாது. கைரேகை பதியும்போது ஒவ்வொருவருக்கும் இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலையாவது பதியுங்கள். ஒரு கையில் பை இருக்கும் நாட்கள்தான் அதிகம்.

எண் விஷயத்தில், கதவிலக்கமும் பிறந்த ஆண்டும் வேண்டாம். உண்மையான எண்ணுக்கு முன்னும் பின்னும் வேறு எண்களைச் சேர்த்து அழுத்தினாலும் ஏற்கும் வசதி பல பூட்டுகளில் உண்டு. மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரர் நிற்கும்போது அது உதவும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு அவர் வரும் நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் தனி எண் கொடுத்துவிடலாம், யார் வீட்டிலும் சாவி கொடுத்து வாங்கும் வேலை இல்லை. என்னைக் கேட்டால் ஸ்மார்ட் பூட்டின் பயன்களிலேயே இதுதான் பெரியது.

அட்டையைக் காட்டித் திறக்கும் முறை வேண்டாம் என்பேன். மலிவான பூட்டுகளோடு பெரும்பாலும் வருவது மைஃபேர் கிளாசிக் வகை அட்டை. அதன் ரகசியக் குறியீட்டு முறையை 2008-லேயே ஆய்வாளர்கள் உடைத்துவிட்டார்கள், நகலெடுப்பது கடினமில்லை.

வைஃபையா புளூடூத்தா என்பதில் கடைக்காரர் வைஃபை பக்கம்தான் இழுப்பார். 2016-ல் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில், தாங்கள் சோதித்த 16 புளூடூத் பூட்டுகளில் 12-ஐ ஆய்வாளர்கள் திறந்துகாட்டினார்கள். அதனால் வைஃபை மேல் என்று நினைக்க வேண்டாம். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் லாக்ஸ்டேட் என்ற ஸ்மார்ட் பூட்டு நிறுவனம் இணையம் வழியே அனுப்பிய தவறான மென்பொருளால் சுமார் 500 வீட்டுப் பூட்டுகள் செயலிழந்துபோயின. பூட்டுக்குள்ளேயே வைஃபை இருந்தால் பேட்டரியும் வேகமாகக் கரையும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்துகொண்டு, ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு அவசரம் என்றால் பக்கத்து வீட்டாருக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும் என்ற நிலையில் இணையத் தொடர்பு உண்மையாகவே தேவை. அப்போதும் பூட்டில் புளூடூத், வீட்டுக்குள் அதை இணையத்தோடு இணைக்கும் கேட்வே கருவி தனியாக என்று எடுப்பதே நல்லது. மற்றவர்களுக்கு எண்பலகை போதும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் செல்போன் சிக்னலும் நாள் கணக்கில் இல்லை. அப்படிப்பட்ட நாளிலும் பேட்டரியில் ஓடும் எண்பூட்டு திறக்கும்.

பேட்டரி என்றதும் பயப்படத் தேவையில்லை. பெரும்பாலானவை 4 அல்லது 8 ஏஏ செல்லில் பல மாதம் ஓடும், தீரும் முன்பே எச்சரிக்கும். அல்கலைன் மட்டும் போடுங்கள். ரீசார்ஜ் செல்லின் 1.2 வோல்ட் பூட்டின் கணக்கைக் குழப்பும். முழுதும் தீர்ந்துவிட்டால் வெளியிலிருந்து உயிர் கொடுக்க 9 வோல்ட் பேட்டரி முனைகளோ யூஎஸ்பி-சி துளையோ இருக்கும். இரண்டில் யூஎஸ்பி-சி மேல், பவர் பேங்க் யாரிடமும் கிடைக்கும். கூடவே வரும் அவசரச் சாவியை வீட்டு பீரோவுக்குள் வைத்தால் பயனில்லை. தங்கை வீட்டிலோ அலுவலக மேசையிலோ ஒன்று இருக்கட்டும்.

விலையில் ரிம் வகை பொதுவாக 10,000 ரூபாயை ஒட்டியும், நல்ல மார்ட்டைஸ் அதைவிட இரண்டு மூன்று மடங்கும் போகிறது. புது ஃபிளஷ் கதவு, இளம் குடும்பம் என்றால் மார்ட்டைஸுக்கு அந்தப் பணம் தகும். பழைய மரக்கதவு, இரட்டைக் கதவு, வாடகை வீடு, பெரியவர்கள் இருக்கும் வீடு எதுவானாலும் எண்பலகை உள்ள ரிம் பூட்டையே வாங்குங்கள், பழைய பூட்டையும் கழற்றாதீர்கள்.

பொருத்தி முடித்ததும் கதவைச் சாத்திப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். முதலில் திறந்த கதவிலேயே, நாக்கு வெளியே வந்து உள்ளே போகிறதா என்று கைரேகை, எண், அவசரச் சாவி மூன்றிலும் சோதியுங்கள். பிறகு ஒருவர் உள்ளே இருக்க, மற்றவர் வெளியே நின்று சாத்திப் பாருங்கள். பூட்டோடு வந்த மாஸ்டர் எண்ணை மாற்றிய பிறகே பொருத்த வந்தவருக்குக் கூலி கொடுத்து அனுப்புங்கள்.