தாடை எலும்பைப் பார்க்காமலே பல் கட்டினார்கள்: ₹1,80,000 போச்சு, உஷார் மக்களே

அந்தப் பல் கிளினிக்கில் சண்டை போட்டுவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்! அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிய பணம்.

அம்மாவுக்கு 66 வயது. கீழே ஒரு பல்லும் இல்லை, பல வருஷமாகக் கழற்றி மாட்டும் பல்செட்தான். பல் போன இடத்தில் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே போகும். அதனால் செட் நிற்காமல் லொடலொடவென்று ஆடும். ‘3 நாளில் நிலையான பல்’ என்ற போர்டைப் பார்த்துத்தான் போனோம்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்தார். பிளாஸ்டிக் தாடை ஒன்றை அம்மா கையில் கொடுத்து, “பொங்கலுக்கு நீங்க கரும்பு கடிக்கணும்மா, அது என் பொறுப்பு” என்றார். “மகராசனா இருப்பா தம்பி” என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். மறுநாளே முழுப் பணமும் கட்டினோம்.

எடுத்தது ஒரே ஒரு ஓ.பி.ஜி. எக்ஸ்ரே, அதாவது முழுத் தாடையையும் ஒரே படமாகக் காட்டும் எக்ஸ்ரே. அதில் எலும்பின் உயரம் தெரியும், தடிமன் தெரியாது. அதற்குத் தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் வேண்டும். எடுக்கவில்லை. எலும்பு பலவீனமாகும் ஆஸ்டியோபோரோசிஸுக்கு அம்மா வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை போடுகிறார். அந்த மருந்து எடுப்பவர்களில் சிலருக்குத் தாடையில் கை வைத்தால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு ஆள் கேட்க வேண்டாமா?

கீழ்த்தாடை எலும்பில் 4 இம்ப்ளான்ட் திருகு, அதன் மேல் ஒரே வரிசையாகப் பல். சீக்கிரமே ஆட ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் பின்பக்கத் திருகு ஒன்று பல்வரிசையோடு சேர்ந்து சீழும் ரத்தமுமாக வெளியே வந்தது.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. “டாக்டர் வேற பிராஞ்ச்ல இருக்கார்.” “வெள்ளிக்கிழமை வாங்க சார்.” “உப்புத் தண்ணி கொப்புளிக்கச் சொல்லுங்க.” இன்று கடைசியாக டாக்டரே, “உங்கம்மாவுக்கு எலும்பு வீக், நாங்க என்ன பண்றது? போன் கிராஃப்ட் வைக்கலாம், அதாவது குறையிற இடத்துல எலும்பு வச்சு நிரப்புறது, 70,000 ஆகும்” என்கிறார். அட, எலும்பு வீக் என்பதை ₹1,80,000 வாங்குவதற்கு முன்னால் அல்லவா சொல்ல வேண்டும்!

வேறொரு பல் டாக்டர் ஸ்கேன் எடுத்துக் காட்டினார். திருகு போட்ட இடத்தில் எலும்பின் தடிமன் 3 மி.மீ., திருகு கிட்டத்தட்ட 4 மி.மீ. சுவரைவிட ஆணி தடிமன்! முன்தாடையில் பெரும்பாலும் எலும்பு மிச்சம் இருக்குமாம். அங்கே இரண்டு திருகு வைத்து, பட்டன் போல மாட்டும் செட்டே போதுமாக இருந்திருக்கும் என்றார்.

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. சி.பி.சி.டி. இல்லாமல் இம்ப்ளான்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். எலும்புக்கு மாத்திரை, ஊசி எது எடுத்தாலும் நீங்களே முந்திச் சொல்லுங்கள். கிராஃப்ட் வைத்தால் எலும்பு பிடிக்கப் பல மாதம் ஆகும், 3 நாள் கதையெல்லாம் அங்கே செல்லாது. பில், எக்ஸ்ரே, திருகு டப்பாவில் இருக்கும் ஸ்டிக்கர் எல்லாம் கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், ஹெல்ப்லைன் 1915. நானும் அங்கேதான் போகப்போகிறேன், ஃபைலைத் தரமாட்டேன் என்கிறார்கள்.