பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு எந்த சிரிஞ்ச் பம்ப்?

சிரிஞ்சை மெல்ல அழுத்தி மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் கருவிதான் சிரிஞ்ச் பம்ப். வேகம் மணிக்கு 0.1 மி.லி. வரை இறங்காத பம்பை வாங்கவே வேண்டாம். செப்டிக் ஷாக்கில் (தொற்றால் இரத்த ஓட்டம் குலைந்த நிலை) 3 கிலோ குழந்தைக்கு, இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்தான அட்ரினலினை கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.05 மைக்ரோகிராம் எனத் தொடங்கினால், மி.லி.க்கு 20 மைக்ரோகிராம் கரைசல் மணிக்கு 0.45 மி.லி.தான் ஓடும்.

இந்த வேகத்தில் 50 மி.லி. சிரிஞ்ச் போட்டால் திரையில் ஓடுவதாகக் காட்டும், மருந்து போய்ச் சேர வெகுநேரமாகும். 10 அல்லது 20 மி.லி. சிரிஞ்ச், மெல்லிய குழாய் போதும். குழாய் முனையில் சொட்டு வரும்வரை பர்ஜ் செய்தபிறகே, அதாவது பம்பால் மருந்தைத் தள்ளி குழாயை நிரப்பியபிறகே, குழந்தையுடன் இணையுங்கள். பம்ப் குழந்தையின் மட்டத்திலேயே இருக்கட்டும்.

அடைப்பு அலாரத்தின் அழுத்த அளவை நாமே குறைக்க முடிகிற மாடல்தான் நல்லது. அலாரம் அடித்ததும் மடங்கிய குழாயை அப்படியே நிமிர்த்திவிடாதீர்கள். தேங்கிய மருந்து மொத்தமாக உள்ளே பாய்ந்து இரத்த அழுத்தம் எகிறிவிடும், பாவம் அந்தச் சின்ன உடம்பு. குழாயின் குழந்தைப் பக்கத்தை மூடி, அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத் திறங்கள்.

சலைன் போலஸுக்கும் (உப்புநீரைக் குறுகிய நேரத்தில் ஏற்றுவது) இதே பம்ப் உதவும், அதற்கு 50 மி.லி. சிரிஞ்ச்: கிலோவுக்கு 10 மி.லி., 15 நிமிடத்தில். 3 கிலோவுக்கு மணிக்கு 120 மி.லி. வேகம். ஒவ்வொரு போலஸுக்குப் பிறகும் கல்லீரலைத் தொட்டுப் பாருங்கள், பெரிதாகியிருந்தால் அது திரவம் மிஞ்சியதன் அறிகுறி, அடுத்த போலஸ் வேண்டாம். பம்ப் தயாராகும்வரை ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போடாதீர்கள். அது முதல் ஒரு மணி நேரத்துக்குள் போயாக வேண்டும்.