கிட் காரில் மெகாஜோல்ட் இக்னிஷன்: ஆறு வருடமும் ஒரு டேக்கோமீட்டர் ஒயரும்

என்னுடையது லோட்டஸ் செவன் வடிவில் இங்கிலாந்தில் கட்டிய கிட் கார். ஃபோர்டு 1600 கிராஸ்ஃப்ளோ எஞ்சின். ஆறு வருடத்துக்கு முன், ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு, ஸ்பார்க் நேரத்தை மின்னணு முறையில் தீர்மானிக்கும் மெகாஜோல்ட் பெட்டியைப் போட்டேன். கிராங்க் புல்லியில் 36 பல்லில் ஒன்று குறைந்த சக்கரம், அதைப் படிக்க ஒரு சென்சார், டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாமல் காயில்களை இயக்கும் ஃபோர்டின் ஈ.டி.ஐ.எஸ். பெட்டி, நான்கு பிளக்குக்கும் சேர்த்து ஒரு காயில் பேக். இதுவரை 11,000 மைல் ஓடியிருக்கிறது. இக்னிஷன் மீது ஒரு குறையும் இல்லை. குளிர்காலத்திலும் சட்டென்று ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங் ஆடாமல் நிற்கிறது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் கேப் பார்க்கும் வேலை ஒழிந்தது. இத்தனை நாளில் என்னை நடுரோட்டில் நிறுத்தியது, எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டருக்குப் போகும் ஒற்றை ஒயர்தான். இதே மாற்றத்தைச் செய்யப் போகிறவர்களுக்கு அது நேரக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

என் மீட்டர் பழைய ஸ்மித்ஸ். டயலின் அடியில் ஆர்.வி.சி. என்று பொடி எழுத்தில் இருக்கும். காயிலின் நெகட்டிவ் முனையில் எழும் வோல்டேஜ் துடிப்பை எண்ணும் வகை. ஆர்.வி.ஐ. என்று இருந்தால் கதை வேறு: அது காயிலுக்குப் போகும் கரண்டை எண்ணும், சப்ளை ஒயரே மீட்டர் வழியாகப் போக வேண்டும். வாங்குவதற்கு முன்பே அந்த எழுத்தைப் பார்த்துவிடுங்கள்.

முதல் நாள் மீட்டரை காயில் பேக்கின் ஒரு நெகட்டிவ்வில் மாட்டினேன். மெகாஜோல்டோடு இணைத்த லேப்டாப்பில் நிமிடத்துக்கு 3000 சுற்று, முள் காட்டியது 1500. காரணம் எளிது. டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தபோது ஒரே காயில் நான்கு சிலிண்டரையும் கவனித்தது. கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு துடிப்பு. காயில் பேக்குக்குள் இருப்பதோ இரண்டு காயில்கள். ஒன்று 1, 4 சிலிண்டர்களுக்கு, மற்றது 2, 3க்கு. ஒவ்வொன்றும் சுற்றுக்கு ஒரு முறைதான் ஸ்பார்க் கொடுக்கும்.

இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும், ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகக்கூடாது. அதற்குப் பலரும் செய்வது, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு, காயிலுக்கு ஒன்று. 1000 வோல்ட் தாங்கும் 1என்4007 போதும், விலை சில பென்ஸ்தான். இரண்டு நெகட்டிவ்விலிருந்தும் டயோடு வழியாக வந்து ஒன்றாகி மீட்டருக்குப் போகிறது. முள் சரியாக 3000 காட்டியது. 4500க்கு மேல் மட்டும் துள்ளியது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னாலும் வரும் அதிர்வையும் மீட்டர் எண்ணுகிறது என்று புரிந்து, மீட்டரின் பின்புறத்தில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தேன். துள்ளல் நின்றது. வேலை முடிந்தது என்று மூடிவிட்டேன்.

மூன்றாம் வருடக் கோடையில் ஒரு வளைவில் எஞ்சின் செத்தது. இருமலோ மிஸ்ஸிங்கோ இல்லை, சாவியைத் திருப்பி அணைத்தது போல. ஓரம்கட்டிப் பார்த்தால், எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டில் மீட்டர் ஒயர் நுழையும் துளையின் ரப்பர் வளையம் நழுவியிருந்தது. தகட்டு விளிம்பு ஒயரின் உறையை அறுத்து, செம்பு சேசிஸைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒயர் எர்த் ஆனால் டயோடு வழியாக இரண்டு காயிலின் நெகட்டிவ்வும் எர்த் ஆகும். கரண்ட் அறுபடாமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்பார்க் எங்கிருந்து வரும்? டயோடு இரண்டும் கருகியிருந்தன. அவற்றை வெட்டி எறிந்ததும் எஞ்சின் உயிர் பெற்றது. முள் பூஜ்யத்தில் கிடக்க, காதை நம்பி வீடு வந்தேன்.

ரெசிஸ்டர் போட்டிருந்தேன், ஆனால் தவறான முனையில். அது இருக்க வேண்டிய இடம் டயோடுகளை ஒட்டி, காயில் பக்கம். அங்கே இருந்தால், அதற்கப்பால் ஒயர் எங்கே அறுந்து எதைத் தொட்டாலும் காயிலிலிருந்து சில மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. மீட்டர் சாகும், எஞ்சின் ஓடும். இப்போது 10 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராக வைத்திருக்கிறேன். நெகட்டிவ்வில் சில நூறு வோல்ட் எழும் என்பதால், ஒரே ரெசிஸ்டர் மீது அத்தனையும் விழாமல் பகிர்ந்துகொள்ளத்தான் இரண்டு. டயோடும் ரெசிஸ்டரும் சிறு போர்டில் சால்டர் செய்யப்பட்டு, மேலே ஹீட்ஷ்ரிங்க் குழாயோடு, காயில் பேக் பக்கத்திலேயே கட்டப்பட்டிருக்கின்றன. உங்கள் மீட்டருக்கு வேறு மதிப்பு தேவைப்படலாம். 10 கிலோ ஓமில் தொடங்கி, துள்ளல் நிற்கும்வரை ஏற்றுங்கள். இடம் மட்டும் மாறக்கூடாது.

கிட் காருக்கே உரிய இன்னொரு தொல்லை எர்த். என் டேஷ்போர்டு பிளைவுட், அதைத் தாங்குவது ஃபைபர். மீட்டரின் உடலை இறுக்கினால் எர்த் கிடைத்துவிடாது. விளக்குகளோடு பொதுவாக ஓர் எர்த் ஒயர் கொடுத்திருந்தேன். ஹெட்லைட் போட்டால் முள் 200 ஏறும். மீட்டருக்கென்று தனிக் கறுப்பு ஒயரை சேசிஸ் வரை இழுத்த பிறகு அது போனது.

கிராங்க் சென்சார் கேபிளோடு டேக்கோமீட்டரின் சிக்னல் ஒயரை ஒரே கட்டாகக் கட்டவே கட்டாதீர்கள். சென்சார் தருவது மெல்லிய சிக்னல், இதில் ஓடுவதோ பெரிய துடிப்பு. இரண்டையும் காரின் எதிரெதிர்ப் பக்கமாகக் கொண்டு போயிருக்கிறேன்.

பழைய மீட்டர் மீது பிடிவாதம் இல்லாதவர்களுக்கு இத்தனையும் வேண்டாம். உங்கள் இக்னிஷன் பெட்டியில் தனி டேக்கோ வெளியீடு இருந்தால், அதை ஏற்கும் மின்னணு மீட்டர் ஒன்றை மாட்டிவிடலாம். காயில் பக்கமே போக வேண்டியதில்லை. எனக்கு அந்த ஸ்மித்ஸ் முகம்தான் வேண்டும்.

கடைசி மூன்று வருடமாக எதையும் தொடவில்லை. வருடம் ஒருமுறை லேப்டாப்பை மாட்டி 3000இல் ஒப்பிடுகிறேன். நொடிக்கு 100 துடிப்பு வரும் இடம் அது. போன மாதம் முள் 2950 காட்டியது. அப்படியே விட்டுவிட்டு, ஃபயர்வால் துளையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டேன்.