சேர்ந்து படிக்க கூகுள் டாக்ஸ்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

குழுவாகப் படிக்கும் மாணவர்களுக்கு, ஒரே ஆவணத்தில் பலர் இணையத்தில் சேர்ந்து எழுத உதவும் கூகுள் டாக்ஸைத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம், ஒரு நிபந்தனையோடு: ஒருவர் எழுதியதை இன்னொருவர் கேள்வி கேட்க வேண்டும். பாடத்தை நாலாகப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் எழுதி ஒட்டினால் ஒவ்வொருவருக்கும் கால் பாடம்தான் தெரியும். எழுதியதை இன்னொருவர் "ஏன்?" என்று கேட்டு, அதை விளக்கப் போகும்போதுதான் புரியாத இடம் பல்லிளிக்கும். சேர்ந்து படிப்பதன் பலனில் பெரும்பங்கு அங்கேதான் கிடைக்கிறது.

இதற்குத் தோதான வசதி சஜெஸ்டிங் மோடு. அதில் திருத்தினால் எழுதியவரின் வரி அழியாது. திருத்தம் தனி நிறத்தில் நிற்கும், டிக் அடித்தால்தான் உள்ளே போகும். முதலில் நாலு பேரும் ஒரே கேள்விக்குத் தனித்தனி டேபில் (ஒரே ஆவணத்துக்குள் ஆளுக்கொரு தனிப் பகுதி, 2024இல் வந்த வசதி) பதினைந்து நிமிடம் பதில் எழுதட்டும். பிறகு ஒவ்வொருவரும் அடுத்தவரின் டேபுக்குப் போய் சஜெஸ்டிங்கிலும் கமெண்ட்டிலும் மட்டும் கைவைக்கட்டும். "தவறு" என்று ஒற்றைச் சொல் போடுவதில் பயனில்லை. "பூமி சூரியனுக்கு அருகில் வருவதால் கோடை" என்று ஒருவர் எழுதியிருந்தால், "அப்படியானால் வட அரைக்கோளத்தில் கோடையாக இருக்கும்போது தெற்கில் குளிர்காலம் எப்படி?" என்று கமெண்ட் போட வேண்டும். அதற்குப் பதில் தேடும்போதுதான் பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பது மனதில் உட்காரும். எடிட்டர் உரிமை உள்ள யாரும் டிக் அடிக்கலாம் என்பதால், பதிலை எழுதியவர் மட்டுமே அடிக்க வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கடைசியில் டாக்ஸை மூடிவிட்டு எல்லோரும் அதே பதிலைத் தாளில் தனியாக எழுத வேண்டும். பல குழுக்கள் தாண்டிக் குதிப்பது இந்தப் படியைத்தான்.

பாடம் பெரிதென்றால் அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சாஸின் ஆஸ்டினில் தொடங்கிய ஜிக்சா முறை இங்கே நன்றாகப் பொருந்தும். பிரித்த பகுதியை ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குக் கற்பிக்க வேண்டும், தேர்வு முழுப் பாடத்துக்கும் நடக்கும்.

"ஒருவர் உழைக்க, மூவர் பெயர் போட்டுக்கொள்கிறார்கள்" என்ற பழைய புகாருக்கு மருந்து வெர்ஷன் ஹிஸ்டரி. ஃபைல் மெனுவில் திறந்தால் யார் எப்போது எதைச் சேர்த்தார், நீக்கினார் என்பது ஆளுக்கொரு நிறத்தில் தெரியும். ஆனால் இதை ஏமாற்றுவதும் எளிது. வேறெங்கோ எழுதி மொத்தமாக ஒட்டினால், ஒட்டியவர் பெயரில் ஒரே கட்டியாகத்தான் பதிவாகும். அதனால் டாக்ஸிலேயே தட்டச்சு செய்வதைக் கட்டாயமாக்குங்கள். "லிங்க் உள்ள எவரும்" என்று திறந்துவிட்டால் லாகின் செய்யாமல் வருபவர்கள் பெயரில்லாமல் திருத்துவார்கள். மின்னஞ்சல் முகவரி போட்டு ஒவ்வொருவரையும் சேர்ப்பதே சரி. சும்மா பார்க்க வருபவருக்கு வியூவர் உரிமை போதும்.

சொதப்பும் இடங்களும் உண்டு. இணையம் இல்லாமல் வேலை செய்ய ஆஃப்லைன் வசதியை முன்கூட்டியே ஆன் செய்திருக்க வேண்டும். அப்படியும் இருவர் ஆஃப்லைனில் ஒரே பத்தியைத் திருத்தினால், இணைப்பு வந்ததும் இரண்டும் குழம்பிப்போகலாம். நூறு பேர் வரை ஒரே நேரத்தில் திருத்தலாம் என்றாலும் படிப்புக்கு நாலு பேர்தான் அளவு. ஆறேழு பேரானால் இரண்டு பேராவது கமெண்ட்டில் "சூப்பர்" போடுவதோடு நின்றுவிடுவார்கள்.

கட்டணம் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தில் ஜிமெயிலும் போட்டோஸும் பங்குகேட்கும் என்றாலும், வெறும் எழுத்துக்கு அது தாராளம்.

கணக்குப் பாடத்துக்கு மட்டும் இதை நம்பி இறங்க வேண்டாம். ஈக்வேஷன் வசதியில் ஒரு பின்னம் போடும் நேரத்தில் தாளில் கணக்கே முடிந்துவிடும். தாளில் போட்டுப் படமெடுத்து ஒட்டி, எந்த வரியில் ஐயமோ அந்த வரியின் எண்ணைக் குறிப்பிட்டு கமெண்ட் போடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.