‘உறையைக் கழற்றித் துவைக்கலாம் அம்மா’: 48,500 ரூபாய் போன கதை, வேலூர்க்காரர்கள் கவனத்துக்கு

இன்று மதியம் நான்காவது முறையாக அந்தக் கடைப் படியேறி, வெறுங்கையோடு இறங்கி வந்திருக்கிறேன். கை இன்னும் நடுங்குகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் ‘போகட்டும், நம் தலையெழுத்து’ என்று விட்டுவிடுவேன். அவர்களும் அதற்காகத்தான் இழுத்தடிக்கிறார்கள். உறையைக் கழற்றித் துவைக்கலாம் என்ற பேச்சை நம்பி ஒரு சோபாவுக்குக் கொடுத்த தொகை 48,500 ரூபாய். என் கணவரின் ஓய்வூதியத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம்.

கடையின் பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மகன் தடுத்துவிட்டான். நெடுஞ்சாலையை ஒட்டி, கண்ணாடி முகப்பு வைத்து, கீழே சோபாவும் மாடியில் கட்டில் பீரோவுமாக நிரப்பி வைத்திருப்பார்களே, அந்த வகை ஃபர்னிச்சர் கடை. எந்த ஊர் நுழைவாயிலிலும் இப்படி நான்கு இருக்கும்.

எங்கள் வீட்டில் பதினெட்டு ஆண்டுகளாக ரெக்சின் சோபாதான். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் என்ன சொல்வது? கத்திரி வெயிலில் அரை மணி நேரம் ரெக்சினில் உட்கார்ந்து எழுந்தால் முதுகு அதோடு ஒட்டிக்கொண்டு வரும். மின்சாரம் போன மதியங்களில் என் கணவர் ‘தரையே மேல்’ என்று பாயை விரித்துக்கொள்வார். துணி சோபா வாங்கலாம் என்றால், எங்கள் தெருப் புழுதிக்கு ஆறு மாதத்தில் அதன் நிறமே மறந்துபோகும்.

இந்த நிலையில்தான் பெங்களூரில் மகள் வீட்டில் ஒன்றைப் பார்த்தேன். நாகசந்திராவில் 2022-இல் திறந்த ஐகியா கடையில் வாங்கியது. இருக்கை, முதுகு, கைப்பிடி எல்லாவற்றின் உறையும் குழந்தைக்குச் சட்டை கழற்றுவது போல வந்துவிடுகிறது. துவைத்துக் காயவைத்து மறுபடி மாட்டுகிறாள். கிழிந்தால் அதே மாடலுக்கு உறை மட்டும் தனியாகக் கிடைக்குமாம். அந்த ஆசைதான் என்னை இந்த ஊர்க் கடையில் கொண்டுபோய் நிறுத்தியது.

மார்ச் மாதம் நானும் என் கணவரும் போனோம். விற்பனைப் பிரிவில் இருந்த தம்பிக்கு முப்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, கையில் இஞ்ச் டேப். நாங்கள் கேட்பதற்கு முன்பே மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். என் கணவருக்கு முட்டிவலி என்று நடையைப் பார்த்தே தெரிந்துகொண்டு உயரமான நாற்காலியாகப் பார்த்துப் போட்டார். டீ வந்தது. அதுவும் எனக்குச் சர்க்கரை இல்லாமல், கேட்டுத்தான். இதை எல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், 48,500 ரூபாய் அந்த டீயிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கணக்குத் தீர்த்தது மட்டும்தான்.

மெரூன் நிறத்தில் 3+1+1 சோபா ஒன்றைக் காட்டினார். “பேரப்பிள்ளைகள் வரும் வீடா அம்மா? அப்படியென்றால் இதுதான். உறை முழுவதும் கழற்றி மாட்டலாம். நீங்களே இழுத்துப் பாருங்கள்” என்று ஒரு இருக்கை மெத்தையைத் தூக்கி என் மடியில் வைத்தார். பின்பக்கம் ஜிப். என் கையால் இழுத்தேன், வெண்ணெய் போல ஓடியது. உறை கழன்றது. உள்ளே வெள்ளை வெளேரென்று ஃபோம். “40 டென்சிட்டி அம்மா. கனத்தைப் பாருங்கள்” என்றார். கனமாகத்தான் இருந்தது. கனமாக இருந்தால் தரம் என்று நான் நினைத்தேன். முப்பத்தொரு வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவள், ஐந்து மெத்தையில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். கைப்பிடியைக் கழற்றிக் காட்டு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சோபா 40,000. மாற்று உறை ஒரு செட், பச்சை நிறத்தில், 8,500. “துணி முன்கூட்டியே தண்ணீரில் போட்டுச் சுருக்கியது. ஐந்து வருடம் கழித்து வந்தாலும் இந்த மாடலுக்கு உறை தைத்துத் தருவோம்” என்று சொன்னார். பில் கேட்டதற்கு, “ஜி.எஸ்.டி. போட்டால் தொகை கூடும் அம்மா, உங்களுக்கு எதற்கு வீண் செலவு?” என்று ஒரு எஸ்டிமேட் சீட்டைக் கொடுத்தார். என் நலனில் எவ்வளவு அக்கறை! அன்றே 20,000 ஜிபேயில் போட்டோம். ஏப்ரல் 12 அன்று சோபா வந்தது. பச்சை உறை பதினைந்து நாளில் வந்துவிடும் என்றார்கள். மீதி 28,500 ரூபாயையும் வண்டியிலிருந்து இறக்கிய கையோடு வாங்கிக்கொண்டார்கள். ஆக மொத்தம் 48,500.

மே மாதம் பேரன்கள் வந்தார்கள், மாம்பழமும் வந்தது. மே 23 அன்று சின்னவன் ஒரு முழு பங்கனப்பள்ளியை மூன்று பேர் சோபாவின் நடு இருக்கையில் வைத்துப் பிசைந்துவிட்டான். நான் அவனைத் திட்டவில்லை. உள்ளுக்குள் சந்தோஷம்கூட. இதற்குத்தானே வாங்கினோம்! மெத்தையைத் தூக்கி ஜிப்பைத் தேடினேன். ஜிப் இருந்தது, ரன்னரில் பிடித்து இழுக்கும் பிடி இல்லை. ஐந்திலும் இல்லை. கடையில் எனக்குக் காட்டியதில் மட்டும் இருந்திருக்கிறது. ஒரு ஊக்கை மாட்டி, அதைப் பிடித்து இழுத்து, விரல் நுனி சிவந்து, எப்படியோ திறந்தேன்.

குளிர்ந்த தண்ணீரில், மென்மையான சோப்புத் தூளில், கையால்தான் அலசினேன். குளியலறைத் தரை முழுவதும் மெரூன். மாலையில் நிழலில் காய்ந்த உறையை அளந்தேன். 24 அங்குலம் இருக்க வேண்டியது 23. ஒரு அங்குலம்தானே என்பீர்கள். அந்த ஒரு அங்குலத்துக்குள் மெத்தையைத் திணிக்க நானும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் முழங்காலை ஊன்றிப் போராடினோம். ஜிப் பாதியில் பல்லை இளித்துக்கொண்டு நின்றுவிட்டது. அந்த இழுபறியில் மேலே ஒட்டியிருந்த வெள்ளை ஃபோம் ஒரு ஓரத்தில் பிரிந்தது. அரை அங்குலத் தகடுதான் அது. அதற்குக் கீழே மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று ஃபோம் துண்டுகளை நொறுக்கிப் பசையில் அழுத்திய கட்டி.

மறுநாள் தோட்டப்பாளையம் பக்கம் குஷன் வேலை செய்யும் ஒரு பெரியவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். அவர் அதிகம் பேசவில்லை. மெத்தையை எங்கள் வீட்டுத் தராசில் வைத்தார்: நான்கு கிலோவுக்குச் சற்று மேல். “40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ. இரண்டடிக்கு இரண்டடி, ஐந்து அங்குலக் கனத்துக்கு இரண்டு கிலோகூட வராது அம்மா. இது கழிவுத் துண்டுகளை ஒட்டியது, அதனால்தான் கனம்” என்றார். பிறகு சோபாவைக் கவிழ்த்தார். கைப்பிடித் துணியும் முதுகுத் துணியும் சட்டத்தோடு வரிசையாக ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது. எண்ண ஆரம்பித்து அறுபதில் விட்டுவிட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும். உண்மையிலேயே கழற்றும் உறை என்றால், அதற்குள்ளே சட்டத்துக்கும் ஃபோமுக்கும் காடாத் துணியில் தனியாக ஒரு உள்ளுறை தைத்திருப்பார்கள். மேலுறையை எடுத்தாலும் சோபா அம்மணமாகாது. மேலுறை அடியில் வெல்க்ரோவில் நிற்கும். துணியை நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்டுவார்கள். “மெத்தையில் ஜிப் இருப்பது ஃபோமை உள்ளே போடும் வசதிக்காக. பல கடைகளில் போட்டபின் பிடியை எடுத்துவிடுவார்கள். ஜிப் இருந்தால் துவைக்கலாம் என்று யார் உங்களுக்குச் சொன்னது?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

‘இந்த மாடலுக்கு எப்போதும் உறை கிடைக்கும்’ என்றார்களே, அதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். கையால் சட்டம் அடிக்கும் பட்டறையில் மாடல் ஏது? இந்த சோபாவின் இடது கைப்பிடியும் வலது கைப்பிடியுமே அரை அங்குலம் வித்தியாசம். அளந்து காட்டினார்.

இனி கடைக்காரர்களின் பதில்கள். முதல் தொலைபேசி அழைப்பில் அதே தம்பி, “அம்மா, கவலையே வேண்டாம், மாஸ்டரை அனுப்புகிறேன்” என்றார். மாஸ்டர் வரவில்லை. ஊருக்குப் போயிருக்கிறாராம். இரண்டாவது அழைப்பில் நான் ‘மேடம்’ ஆகிவிட்டேன். பச்சைத் துணி சூரத்திலிருந்து வர வேண்டுமாம். மூன்றாவது அழைப்பில் எந்த விளிப்பும் இல்லை, “தண்ணீரிலா போட்டீர்கள்? இது டிரை வாஷ் துணி” என்று அதட்டல். துவைக்கலாம் என்று சொன்ன வாய்தானே தம்பி அது?

நேரில் போனேன். காட்பாடி காந்தி நகரிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டிப் போய்வர, ஒவ்வொரு முறையும் ஆட்டோவுக்கு ஒரு தொகை. முதல்முறை முதலாளி இல்லை. இரண்டாம் முறை இருந்தார், பூஜையில் இருந்தார். மூன்றாம் முறை வெளியே வந்து, “உங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், அதனால்தான் துணி சுருங்கியது” என்று தீர்ப்புச் சொன்னார். “அப்படியென்றால் இந்த ஊரில் ஒருவரும் வேட்டி கட்ட முடியாதே ஐயா” என்றேன். முறைத்தார்.

சாமியில்லாத கோவில், அரசனில்லாத கோட்டை, தண்ணீரில்லாத ஆறு என்று நம் ஊரைக் கேலி பேசுவார்கள். ஜலகண்டேசுவரர் கோவிலுக்குச் சாமி 1981-இலேயே திரும்பி வந்துவிட்டார். பாலாற்றில்கூட 2021-இல் வெள்ளம் போனதை எல்லோரும் பாலத்தில் நின்று பார்த்தோம். 8,500 ரூபாய் வாங்கிக்கொண்ட அந்தப் பச்சை உறை மட்டும் வந்தபாடில்லை.

இன்று நடந்தது இது. எஸ்டிமேட் சீட்டைக் காட்டினேன். “இதில் கடை பெயரே இல்லையே, எங்களுடையது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டார் முதலாளி. அந்தத் தம்பி பக்கத்திலேயே நின்றுகொண்டு செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜிபே பதிவைக் காட்டியதும் குரல் மாறியது. “சரி, பெரியவர்கள் வந்திருக்கிறீர்கள், ஆடித் தள்ளுபடியில் எது வாங்கினாலும் உங்களுக்கு மட்டும் 2,000 ரூபாய் குறைத்துத் தருகிறேன்” என்றார். 48,500 ரூபாயை ஏமாந்தவளிடம், இன்னொரு முறை வாங்கு என்கிறார்! என் கணவர் இதுவரை கடையில் குரல் உயர்த்தியதே இல்லை. இன்று உயர்த்தினார். பிறகு வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார், முட்டி தாங்கவில்லை. அப்போது யாரும் நாற்காலி போடவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக: கடையில் ஒரு மெத்தையின் ஜிப்பைப் பார்த்து மயங்காதீர்கள், கைப்பிடி உறையைக் கழற்றச் சொல்லுங்கள், முடியாது என்றால் வெளியே வந்துவிடுங்கள். சோபாவைக் கவிழ்த்துப் பாருங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக முறை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. ‘கழற்றித் துவைக்கலாம்’ என்பதை அந்தப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மாற்று உறை கையில் வரும்வரை அதற்குப் பணம் வேண்டாம். ரொக்கம் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, வந்த முதல் வாரமே எல்லா உறையையும் கழற்றி, ஒன்றையாவது துவைத்துப் பாருங்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அதே சட்டத்தில் வருகிறது. பில்லில் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. நான் மாம்பழத்துக்காகக் காத்திருந்தேன். ஜிப்பைத் திறந்தபோது 41 நாள் ஆகியிருந்தது.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசமும் இருக்கிறது. திங்கட்கிழமை மனுவோடு போகிறேன். குஷன் பெரியவர் சரிசெய்ய 14,000 கேட்கிறார். அவர் கேட்பது நியாயம்தான், ஆனால் கொடுக்க மனம் வரவில்லை. இப்போதைக்குப் பழைய போர்வையை மேலே விரித்து வைத்திருக்கிறேன். ஊக்கு இன்னும் அந்த ஜிப்பிலேயே தொங்குகிறது, யாராவது உட்கார்ந்தால் குத்தும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

20,000 + 28,500. ஆட்டோக் கூலியை இதில் சேர்க்கவில்லை.